செய்வினை கொல்லுமா? சந்தேகம் கொல்லும்!
(கேள்வி-பதில்)

செய்வினை, ஏவல், பில்லி, சூனியம் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "பெயர் போட வேண்டாம்" என்ற வேண்டுகோளோடுதான் வந்திருக்கின்றன. ஆகவே ஊர் மட்டும் தருகிறேன். கேட்டவர்கள் யாரும் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. சிலர் தூக்கம் கெட்டு எழுதியிருக்கிறார்கள், சிலர் நகையை அடகு வைத்த பிறகு எழுதியிருக்கிறார்கள். அந்த வருத்தத்தை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். செய்வினை பலிக்குமா, பலிக்காதா? (திண்டிவனம்)

ப: தகடும் மந்திரமும் பலிக்காது. பயம் ஓரளவு பலிக்கும். "யார் வைத்தது?" என்ற சந்தேகம் நிச்சயம் பலிக்கும், அதற்குக் குடும்பம் குடும்பமாகப் பலியாகியிருக்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத்தான் இத்தனை பதில்களும்.

கே: காலையில் வாசலைத் திறந்தால் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், மிளகாய், கொஞ்சம் கரித்தூள். கவனிக்காமல் மிதித்துவிட்டேன். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. (மன்னார்குடி)

ப: காலைக் கழுவிவிட்டு முதலில் சாப்பிடுங்கள். வெள்ளி, செவ்வாய், அமாவாசை வந்தால் நம் தெருக்களில் எத்தனை வீட்டில் திருஷ்டி கழிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கழித்ததை முச்சந்தியில் போடச் சொல்வார்கள். சிலர் நாலு வீடு தள்ளிப் போட்டுவிட்டு வருகிறார்கள். உங்கள் வாசலில் கிடந்தது அடுத்த வீட்டின் கவலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒருவேளை உங்களை மிரட்டவே யாரோ போட்டிருந்தாலும், அந்த எலுமிச்சைக்கு உங்கள் பெயர் தெரியாது. மூன்று நாள் பட்டினி மட்டும் உண்மையாகவே உடம்பைக் கெடுக்கும்.

ஆயுத பூஜையன்று நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போகும் பூசணிக்காயில் இருசக்கர வாகனங்கள் வழுக்கி எலும்பு முறிகிறது. கழிப்பு வகையறாவில் நான் பயப்படுவது அதற்கு ஒன்றுக்குத்தான்.

கே: மந்திரத்தால் ஒருவரைக் கொல்ல முடியுமா என்று யாராவது நேருக்கு நேர் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? (கோயம்புத்தூர்)

ப: பார்த்திருக்கிறார்கள், அதுவும் நாடே பார்க்க. 2008 மார்ச் 3 அன்று இந்தியா டிவி என்ற இந்தித் தொலைக்காட்சியில் நடந்தது. ஒரு தாந்திரிகர், மந்திரத்தால் யாரையும் மூன்று நிமிடத்தில் சாகடிக்க முடியும் என்றார். எதிரே இருந்தவர் பகுத்தறிவாளர் சனல் எடமருகு. "அப்படியானால் என்னையே கொன்று காட்டுங்கள்" என்றார்.

தாந்திரிகர் மந்திரம் சொன்னார், தண்ணீர் தெளித்தார், கத்தியை ஆட்டினார், சனலின் நெற்றிப்பொட்டை அழுத்தினார். மூன்று நிமிடம் மணிக்கணக்காக நீண்டது. மற்ற நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு அதையே நேரலையில் ஓட்டினார்கள். கடைசியில், "நீங்கள் கும்பிடும் சக்தி வாய்ந்த தெய்வம் ஏதோ உங்களைக் காப்பாற்றுகிறது" என்றார் தாந்திரிகர். "நான் நாத்திகன்" என்றார் சனல். இரவு பூஜையில்தான் முழு சக்தி வரும் என்று சொல்லி, அன்றிரவே திறந்தவெளியில் நெருப்பு வளர்த்து, மாவுப் பொம்மை செய்து அழித்துப் பார்த்தார்கள். சனல் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

நான் இதில் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். அத்தனை மந்திரமும் காதில் விழுந்தும் சனலின் நெஞ்சு படபடக்கவில்லை. பயப்படாதவரிடம் அந்த வித்தைக்கு வேறு கருவியே இல்லை.

கே: அது வடநாட்டுக் கதை. எங்கள் பக்கம் சூனியம் வேறு மாதிரி. (யாழ்ப்பாணம்)

ப: உங்கள் பக்கத்து ஆளையே சொல்கிறேன். கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி உட்படப் பல இடங்களில் பாடம் சொல்லிக்கொடுத்த தாவரவியல் ஆசிரியர் ஆபிரகாம் கோவூர். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் எவ்வளவு பெரிய பணம்! 1978-இல், எண்பது வயதில் அவர் காலமாகும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் ஜெயிக்கவில்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் பி. பிரேமானந்த். கோவை போத்தனூரில் இருந்துகொண்டு, ஊர் ஊராகப் போய், சாமியார்களும் மந்திரவாதிகளும் செய்யும் வித்தைகளை மேடையில் செய்துகாட்டி, எப்படிச் செய்தேன் என்றும் சொல்லிக்கொடுத்தார். 2009-இல் அவர் மறையும்வரை அவருடைய பரிசுப் பணத்தையும் யாரும் வாங்கவில்லை.

கே: எங்கள் தோட்டத்தில் ஒருவர் தோண்டி செப்புத் தகடு எடுத்தார். அதில் என் கணவர் பெயரும் நட்சத்திரமும் இருந்தன. இதை எப்படிப் பொய் என்பீர்கள்? (தர்மபுரி)

ப: அந்தப் பெயரையும் நட்சத்திரத்தையும் அவருக்கு யார் சொன்னது? முதல் நாள் குறி கேட்கப் போனபோது நீங்களோ உங்களோடு வந்தவரோ சொல்லியிருப்பீர்கள். தகடு முந்தின இரவே மண்ணுக்குள் போயிருக்கலாம். தோண்டும்போது மடியிலிருந்தும் குழிக்குள் விழுந்திருக்கலாம். எல்லோரும் மண்வெட்டியைப் பார்க்கும் நேரத்தில் அவருடைய இன்னொரு கையை யார் பார்த்தார்கள்?

இனி யாராவது வந்தால் ஒரு நிபந்தனை போடுங்கள்: "இடத்தைக் காட்டுங்கள், நாங்களே தோண்டிக்கொள்கிறோம், நீங்கள் கிட்டே வரவேண்டாம்." கிடைக்கும் தகட்டையும் நன்றாகப் பாருங்கள். ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த செம்பில் களிம்பு ஏறியிருக்கும். கடையில் வாங்கின மாதிரி பளபளத்தால், அது எப்போது வந்தது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

கே: எலுமிச்சையை அறுத்தால் ரத்தம் வருகிறதே? விபூதித் தட்டு தானாகத் தீப்பிடிக்கிறதே? (ஆரணி)

ப: கத்தியில் செம்பருத்திப் பூவைக் கசக்கித் தேய்த்துக் காயவிட்டு எலுமிச்சையை அறுங்கள். புளிப்பு பட்டதும் சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதை ஆரத்தித் தட்டில் தினமும் பார்க்கிறோம், அதற்கு யாரும் அலறுவதில்லை. தீ விஷயம்: பொட்டாசியம் பர்மாங்கனேட் தூளில் கிளிசரினை ஊற்றினால் சிறிது நேரத்தில் தானே பற்றிக்கொள்ளும். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், ஆசிரியர் முன்னிலையில் பள்ளி ஆய்வகத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கே: என் பெரியப்பா, "எனக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள், நான் பிழைக்கமாட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே படுக்கையில் விழுந்து போய்ச் சேர்ந்தார். பயத்தால் சாக முடியுமா? (சேலம்)

ப: உங்கள் பெரியப்பாவுக்கு என்ன நோய் இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் தீவிரமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்டர் கேனன், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகளிலிருந்து வந்த இப்படிப்பட்ட மரணச் செய்திகளைத் திரட்டி 1942-இல் ஒரு கட்டுரை எழுதினார். சாபம் விழுந்தது என்று முழுமையாக நம்புகிறவரின் உடம்பில் அபாய நேரத்துச் சுரப்புகள் ஓயாமல் சுரந்து, ரத்த ஓட்டமே நிலைகுலையலாம் என்பது அவருடைய விளக்கம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சேர்த்தார்கள். சாபம் பட்டவன் செத்தவனுக்குச் சமம் என்று ஊரே முடிவு கட்டிவிடும்போது, அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இருப்பதில்லை. அவரும் வாங்கிக் குடிப்பதில்லை. சாவுக்கு அதுவே போதும்.

கடும் அதிர்ச்சியிலும் துக்கத்திலும் இதயத்தசை திடீரென்று சோர்ந்துபோவதை 1990 வாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்து 'டாக்கோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலானோர் சிகிச்சையில் தேறிவிடுகிறார்கள்.

எதிர்பார்ப்பே நோயைக் கொண்டுவரும் என்பதற்கு ஒரு தெளிவான சோதனை இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட அறுபது பேரை லண்டன் ஆய்வாளர்கள் அழைத்தார்கள். சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை. எந்த மாதம் எந்த மாத்திரை என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. 2020-இல் முடிவு வந்தது. ஸ்டாட்டின் சாப்பிட்டபோது வந்த தொல்லையில் தொண்ணூறு சதவீதம் வெறும் மாத்திரைக்கும் வந்திருந்தது. வலி பொய்யில்லை, உடம்பில்தான் வந்தது. வரவழைத்தது பயம்.

ஆகவே "எனக்கு வைத்துவிட்டார்கள்" என்று படுத்தவரைப் பார்த்து "எல்லாம் உன் கற்பனை" என்று யாரும் சொல்லாதீர்கள். அவர் படும் வேதனை நிஜம். பக்கத்தில் உட்காருங்கள், சாப்பிட வையுங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவரைத் தனியாக விடாமல் இருப்பதே பாதி வைத்தியம்.

கே: நள்ளிரவில் நெஞ்சில் யாரோ ஏறி அமுக்குகிறார்கள். கண் திறந்திருக்கிறது, கையைக் காலை அசைக்க முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. ஏவல் என்கிறார்கள். (விருதுநகர்)

ப: அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். கனவு காணும் தூக்கத்தில், நாம் கனவுக்கு ஏற்ப எழுந்து ஓடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கும். சில நேரம் விழிப்பு முந்திக்கொள்ளும், கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகும். கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாகத் தெரியும். சில விநாடி, மிஞ்சினால் ஓரிரு நிமிடம். தூக்கம் குறைந்தவர்களுக்கும், ஷிப்டு மாறி மாறி வேலை செய்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள், தூங்கும் நேரத்தை ஒழுங்கு செய்யுங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பாருங்கள். இது உலகம் முழுக்க இருக்கிறது. உருவத்துக்கு மட்டும் ஊருக்கு ஒரு பெயர்.

கே: சாப்பாட்டில் இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்று என் மாமியார் அழைத்துப் போனார். வயிற்றில் குழாய் வைத்து உறிஞ்சி, முடியும் மருந்துமாக ஒரு உருண்டையை எடுத்துக் காட்டினார்கள். (மதுரை)

ப: வயிற்றின் தோலுக்கு மேலே குழாய் வைத்து உறிஞ்சினால் தோல்தான் சிவக்கும். உள்ளே இருக்கும் இரைப்பையிலிருந்து எதுவும் வராது. அந்த உருண்டை முதலிலிருந்தே அவர் வாயிலோ கையிலோ இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் சாப்பிட்ட 'மருந்து' இன்னும் வயிற்றில் ஒட்டியிருக்கிறது என்பதும் நடக்காது. சாப்பிட்ட சாதாரண உணவு சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சாப்பாட்டில் நஞ்சு கலப்பது என்பது உலகில் உண்டு. ஊமத்தை விதை உள்ளே போனால் வாய் உலர்ந்து, கண்ணின் பாவை விரிந்து, நெஞ்சு படபடத்து, ஆள் பிதற்றத் தொடங்குவார். பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்தது போலவே தெரியும். அந்த நேரத்தில் குழாய்க்காரரிடம் ஓடினால் உயிர் போகும். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அங்கே மருந்து உண்டு, போலீசுக்கும் தகவல் போகும். குற்றம் செய்தவர் இருந்தால் பிடிபடுவதும் அந்த வழியில்தான்.

கே: என் கணவர் முன்போல் இல்லை. வசிய மை வாங்கலாமா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்றிருக்கிறார்)

ப: வேண்டாம் அம்மா. தன் மனதால் உங்களிடம் வராதவர் மையால் வந்து என்ன பயன்? வசியம் விற்பவர்கள் முதலில் கேட்பது உங்கள் புகைப்படம், பிறகு உங்கள் ரகசியம், பிறகு அந்த ரகசியத்தை வெளியே சொல்லாமல் இருக்கப் பணம். உங்கள் வீட்டுப் பிரச்சினையை நீங்கள் நம்பும் ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

கே: பத்தாயிரம் கொடுத்துப் பரிகாரம் செய்தோம். ஒரே வாரத்தில் உடம்பு சரியாகிவிட்டது. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது? (ஈரோடு)

ப: சரியானது உண்மை. எதனால் சரியானது என்பதைத்தான் நீங்கள் காணவில்லை. முதுகுவலி, தலைவலி, தோல் அரிப்பு, மனச்சோர்வு எல்லாம் ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மந்திரவாதியைத் தேடிப் போகிறோம். உச்சத்துக்கு அடுத்து வருவது இறக்கம்தான். அதே ஆளிடம் அதே பரிகாரம் செய்தும் குணமாகாமல் போனவர்கள் உங்களுக்கு வந்து சொல்லமாட்டார்கள். சொன்னால், "விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டாய்" என்ற பதில் அவர்களுக்குத் தயாராக இருக்கும். வென்றால் மந்திரம், தோற்றால் நீங்கள்! இந்தக் கணக்கில் அவர் தோற்கவே முடியாது.

கே: அப்பாவுக்கு விபத்து, அண்ணனுக்கு வேலை போயிற்று, மாடு செத்தது, தங்கை திருமணம் நின்றது. எல்லாம் ஒரே வருடத்தில். ஏன் எங்கள் வீட்டுக்கு மட்டும்? (காஞ்சிபுரம்)

ப: இந்தப் பக்கத்துக்கு வந்ததிலேயே ஆழமான கேள்வி இதுதான். உங்கள் துயரத்துக்கு என் வருத்தம்.

ஆப்பிரிக்காவில் அன்றைய சூடான் நாட்டு அசாண்டே மக்களோடு தங்கியிருந்த மானிடவியலாளர் எவான்ஸ் பிரிட்சார்டு 1937-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அங்கே தானியக் குதிர்கள் மரக்கால்கள் மேல் நிற்கும். வெயிலுக்கு அதன் அடியில் ஆட்கள் உட்கார்வார்கள். சில நேரம் குதிர் சரிந்து ஆட்கள் அடிபடுவார்கள். கரையான் காலை அரித்ததால் விழுந்தது என்று அந்த மக்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவர் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் விழ வேண்டும்? அந்த இடைவெளியைச் சூனியத்தால் நிரப்பினார்கள்.

நாமும் அதையே செய்கிறோம். லாரி மோதியது தெரியும்; "ஏன் எங்கள் அப்பாமேல்?" என்பதுதான் தெரியாது. அந்தக் கேள்விக்கு அறிவியலிடம் ஆறுதலான பதில் இல்லை. தற்செயல் என்ற சொல் அழுகிறவர் கண்ணைத் துடைக்காது. மந்திரவாதி அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறார். அவர் ஒரு காரணத்தைத் தருகிறார், கூடவே ஒரு ஆளையும் காட்டுகிறார்: "தெற்கே இருந்து, ரத்த சொந்தத்தில் ஒரு பெண்." எந்தக் குடும்பத்துக்குத்தான் தெற்கே ஒரு சொந்தக்காரப் பெண் இல்லை? அன்றோடு ஒரு சித்தியோ அத்தையோ உங்கள் வீட்டுப் படி ஏற முடியாமல் போகிறது. உங்களுக்கு வந்த நாலு கஷ்டத்தோடு ஐந்தாவதாக அதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இப்போது உங்களுக்குச் சொந்தங்கள் எல்லோரும் வேண்டும்.

கே: படித்தவர்களும் பெரிய பதவியில் இருப்பவர்களும் நம்புகிறார்களே? (சென்னை)

ப: மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் டிரோபிரியண்ட் தீவு மீனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கரையோரக் காயலில் நிச்சயமாக மீன் கிடைக்கும், ஆபத்தும் இல்லை. அங்கே அவர்கள் மந்திரம் சொல்வதில்லை. ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போது விரிவாகச் சடங்கு செய்வார்கள். தேர்தல், சினிமா, பெரிய வியாபாரம் எல்லாம் ஆழ்கடல்தான். நிச்சயமின்மை கூடுகிற இடத்தில் பட்டம் காவலுக்கு வருவதில்லை.

கே: என் தம்பிக்குக் காதில் யாரோ பேசுவது கேட்கிறது. எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சொல்கிறான். கோயிலா, தர்காவா, டாக்டரா? (ராமநாதபுரம்)

ப: முதலில் மனநல மருத்துவர், தாமதிக்காமல். இந்த அறிகுறிகளுக்கு மருந்து இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மாவட்டத்து ஏர்வாடியை யாரும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் நடத்திய ஒரு கொட்டகைக் காப்பகத்தில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். பேய், ஏவல் என்று சொல்லி வீட்டார் கொண்டுவந்து விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஓட வழி தெரிந்தும் ஓட முடியாமல் போனார்கள். இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது.

சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதே ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. பிரார்த்தனை மனதுக்கு, மாத்திரை நோய்க்கு. இரண்டும் ஒரே தம்பிக்குத்தான்.

கே: கடவுளை நம்புகிறவள் நான். செய்வினையை நம்பாமல் இருக்கலாமா? (சீர்காழி)

ப: தாராளமாக. உங்கள் ஊர்ப் பிள்ளை திருஞானசம்பந்தர் என்ன செய்தார்? மதுரைக்குப் புறப்பட்டபோது நாளும் கோளும் சரியில்லை என்று திருநாவுக்கரசர் கவலைப்பட்டார். சம்பந்தரோ, சிவனை மனதில் வைத்திருப்பவரை எந்தக் கோளும் ஒன்றும் செய்யாது என்று கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பிப் போனார். தெய்வம் பெரிது என்று நம்புகிறவர், ஐயாயிரம் ரூபாய்த் தகடு அதைவிடப் பெரிது என்று எப்படி நம்ப முடியும்?

கே: பணம் பறித்த மந்திரவாதிமேல் புகார் கொடுக்கலாமா? சட்டம் இருக்கிறதா? (திருநெல்வேலி)

ப: கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பூனாவில் டாக்டர் நரேந்திர தபோல்கர் பல ஆண்டுகள் தனிச்சட்டம் கேட்டுப் போராடினார். 2013 ஆகஸ்ட் 20 காலை நடைக்குப் போனபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களிலேயே மகாராஷ்டிரா அவசரச் சட்டம் கொண்டுவந்தது; அந்த டிசம்பரில் அது முழுச் சட்டமானது. கர்நாடகாவும் 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது.

தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை, வரவேண்டும். ஆனால் இருக்கும் சட்டங்களே பல உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்குப் பிரிவு 318, மிரட்டிப் பணம் பறித்தலுக்கு 308. நான் சொல்வதைச் செய்யாவிட்டால் தெய்வ குற்றம் வரும் என்று நம்பவைத்து ஒரு காரியத்தைச் செய்ய வைப்பதற்கே தனியாகப் பிரிவு 354 இருக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துச் சட்டம் தடுக்கிறது. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

கே: நம்புகிறவர் நம்பிவிட்டுப் போகட்டுமே. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? (திருச்சி)

ப: நஷ்டக் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி, 2000 முதல் 2016 வரை சூனியத்தைக் காரணமாக வைத்து இந்தியாவில் கொல்லப்பட்டவர்கள் 2,500-க்கும் மேல். பெரும்பாலும் பெண்கள். அதிலும் விதவைகள், வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது, ஓஜா எனப்படும் மந்திரவாதி ஒரு பெயரைச் சொல்கிறார், ஊர் கூடுகிறது. அவள் போனால் நிலம் யாருக்கு என்று பாருங்கள், பாதி வழக்குகளுக்கு அங்கேயே விடை கிடைக்கும்.

ஜார்கண்டின் சுட்னி மகதோ 1995-இல் சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்டார். அடித்து அவமானப்படுத்தினார்கள். பிள்ளைகளோடு தப்பி ஓடினார். பிறகு, தன்னைப்போல மாட்டிக்கொண்ட பெண்களை மீட்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

அசாமின் பிருபாலா ராபா கதையையும் கேளுங்கள். மனநலம் குன்றிய அவர் மகன் மூன்றே நாளில் இறந்துவிடுவான் என்று குறி சொன்னார்கள். மூன்று நாள் போயிற்று, மகன் உயிரோடு இருந்தான். மற்றவர்கள் "தப்பித்தோம்" என்று விட்டிருப்பார்கள். பிருபாலா, "அப்படியானால் இவர்கள் இதுவரை சொன்னதெல்லாம்?" என்று கேட்கத் தொடங்கினார். ஊரே எதிர்த்தது, ஒதுக்கி வைத்தது. அவர் நிறுத்தவில்லை. அசாம் சட்டமன்றம் 2015-இல் கடுமையான சூனிய வேட்டைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. 2021-இல் இந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பிருபாலா 2024-இல் காலமானார்.

வடக்கேதான் இப்படி என்று நினைக்கவேண்டாம். 2022-இல் கேரளத்து எலந்தூரில் செல்வம் பெருகும் என்று இரண்டு பெண்களை நரபலி கொடுத்ததாக வழக்குப் பதிவானது. அதில் ஒருவர் நம் தர்மபுரி மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போனவர், லாட்டரிச் சீட்டு விற்றவர்.

இத்தனை பேரில் ஒருவரைக்கூட மந்திரம் கொல்லவில்லை. மனிதர்கள், கையால், ஆயுதத்தால் கொன்றார்கள். மந்திரம் இருக்கிறது என்ற நம்பிக்கை அவர்களுக்குத் துணிச்சலைக் கொடுத்தது.

கே: நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியைச் சூனியக்காரி என்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதே என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்? (திருவண்ணாமலை)

ப: நீ கேட்டதே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது, கண்ணு. அம்மாவோடு சண்டை போடாதே. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவர் சொல்கிறார். இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டு. பிறகு ஒருநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போ. சாப்பிட்டாரா, மாத்திரை இருக்கிறதா, முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று கேள். வகுப்பில் யாராவது அவரைப் பற்றி அப்படிப் பேசினால், "நான் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்" என்று சொல். அவரை யாராவது மிரட்டுவதையோ கல்லெறிவதையோ பார்த்தால் தயங்காமல் ஆசிரியரிடம் சொல், 112-க்குப் போன் செய்யச் சொல்.

ஜார்கண்டிலும் அசாமிலும் கொலையில் முடிந்த கதைகள் எல்லாம் "அந்த வீட்டுக்குப் போகாதே" என்ற இடத்தில்தான் தொடங்கின. உன் தெருவில் அது அந்த இடத்தோடு நிற்கட்டும்.